கலவையில் ஊற்றிய தண்ணீர்

சர்க்கார் வேலையை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போகலாமா, அல்லது இரண்டையும் விட்டுவிட்டுக் கல்லூரியில் பாடம் சொல்லப் போகலாமா என்று யோசனை கேட்டு, மாதத்துக்கு ஓர் இளைஞராவது என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார். கிண்டியில் 1963-ஆம் வருஷம் சிவில் பட்டம் பெற்றதிலிருந்து மூன்று வருஷம் விரிவுரையாளனாகவும், அப்புறம் இருபத்தொரு வருஷம் சர்க்கார் நீர்ப்பாசன இன்ஜினீயராகவும், அதற்கும் அப்புறம் பதின்மூன்று வருஷம் கட்டடக் கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்றிலும், கடைசியில் மறுபடியும் வாத்தியாராகவும் காலம் கழித்தவன் என்ற ஒரே காரணத்தால், இந்த விஷயத்தில் எனக்கு ஏதோ விசேஷ ஞானம் இருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள். சம்பளம், குடும்ப சௌகரியம், பிள்ளைகளின் படிப்பு முதலியவற்றைப் பற்றி நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. அவை அவரவர் ஜாதகத்தைப் பொறுத்தவை. ஆனால் கான்கிரீட் கலவையில் ஒரு வாளித் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுகிறவர் யார், எதற்காக ஊற்றுகிறார் என்ற சின்னக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் இந்த மூன்று வீடுகளிலும் குடியிருந்திருக்கிறேன் என்று இப்போது திரும்பிப் பார்க்கும்போது தோன்றுகிறபடியால், அந்தத் தண்ணீரின் கதையையே வருகிறவர்களுக்குச் சொல்லுவது என் வழக்கமாகிவிட்டது.

நான் படித்த கிண்டிக் கல்லூரி, 1794-ல் எட்டே மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, பின்னர் இன்ஜினீயரிங் கல்லூரியாக வளர்ந்து, 1920-ல் கிண்டிக்குக் குடிபெயர்ந்த ஸ்தாபனம். அளக்கக் கற்பிப்பதற்காகவே பிறந்த அந்த இடத்தில் நாங்கள் படித்த காலம், அடியும் பவுண்டும் போய் மீட்டரும் கிலோவும் வந்துகொண்டிருந்த காலமாகையால், ஒரே கணக்கை இரண்டு பாஷைகளில் போட வேண்டிய நிர்ப்பந்தம் எங்களுக்கு இருந்தது. பாடப் புத்தகம் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று சொல்லும், புதிய பிரமாணம் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று கேட்கும். அந்தச் சிரமத்தினால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. எந்த எண்ணைப் பார்த்தாலும் ‘இது மெய்யாக எவ்வளவு?’ என்று மனத்துக்குள் ஒரு தரம் கேட்டுக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது.

வேறொரு கல்லூரியில் விரிவுரையாளனாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. என்னிடம் படித்தவர்களில் சிலருக்கு என்னைவிட மீசை அடர்த்தி. கட்டடப் பொருள்களைப் பற்றிய பாடத்தில், சிகாகோவில் இருந்த டஃப் ஏப்ரம்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1918-ல் வெளியிட்ட விதியைக் கரும்பலகையில் வளைகோடாக வரைந்து காட்டுவது எனக்கு மிகவும் பிரியமான காரியம். கான்கிரீட்டின் வலிமை சிமென்டின் அளவை மட்டும் பொறுத்ததன்று, சிமென்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்பது அந்த விதியின் சாரம். சிமென்ட் இறுகுவதற்கு அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீர் போதும். அதற்கு மேல் நாம் ஊற்றுவதெல்லாம் கலவை இளகி ஓடுவதற்காகத்தான். அப்படி மிஞ்சிய தண்ணீர் ஆவியாகிப் போகும்போது, தான் இருந்த இடத்தைப் பொடிப் பொடித் துவாரங்களாக விட்டுவிட்டுப் போகிறது. ஐம்பது கிலோ மூட்டைக்கு முப்பத்திரண்டு லிட்டர் போட வேண்டிய இடத்தில் ஒரு பத்து லிட்டர் வாளியை மேலும் கவிழ்த்தால், ஏப்ரம்ஸின் சூத்திரப்படி வலிமையில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விடும். இதை நான் வெகு கம்பீரமாகச் சொல்லி முடித்த ஒரு நாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவன், அவன் தகப்பனார் கொத்தனார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது, எழுந்து நின்று, “சார், சைட்டுல தண்ணியை யார் சார் அளந்து ஊத்தறாங்க?” என்று கேட்டான். வகுப்பு முழுதும் சிரித்தது. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி கேட்காதே என்று அவனை உட்கார வைத்துவிட்டேன். என் ஆசிரிய வாழ்க்கையில் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அதுதான் என்பதை ஒப்புக்கொள்வதற்கு எனக்கு வெகுகாலம் பிடித்தது.

1966-ல் சர்க்கார் உத்தியோகம் கிடைத்துக் கொங்கு நாட்டுப் பக்கம் ஒரு பாசனப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தேன். 1948-ல் ஆரம்பித்து 1955-ல் முடிந்த கீழ்பவானி அணை வேலையில் மண் மேட்டின் மேல் நடந்து நடந்து தேய்ந்த பெரியவர்கள் சிலர் அப்போது எங்களுக்கு மேலதிகாரிகளாக இருந்தார்கள். ஐந்து மைலுக்கு மேல் நீளமுள்ள அணையையும் நூற்றிருபது மைலுக்கு மேல் ஓடும் பிரதான வாய்க்காலையும் கட்டிப் பார்த்த அவர்களுக்கு, கல்லூரியிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திறங்கிய நான் எப்படித் தோன்றியிருப்பேன் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். முதல் நாளே என் கையில் அளவுப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். எம்-புக் என்பதுதான் அதற்கு எல்லோரும் சொல்லும் பெயர். பக்கங்களுக்கு வரிசை எண் இட்டிருக்கும். ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது. மையால்தான் எழுத வேண்டும். பிழை நேர்ந்தால் சுரண்டாமல், அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்திட்டுத் திருத்த வேண்டும். எங்கே அளந்தோமோ அங்கேயே, அப்போதே பதிய வேண்டும். கான்ட்ராக்டருக்குச் சேரும் ஒவ்வொரு ரூபாயும் அந்தப் புத்தகத்திலிருந்துதான் புறப்படுகிறது. கல்லூரியில் ஓர் எண்ணை நிரூபித்தால் போதும். இங்கே அந்த எண்ணைக் கண்ணால் பார்த்தேன் என்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அந்தக் கையெழுத்தின் பாரம் எனக்குப் புரிந்த விதத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். கிளை வாய்க்கால் ஒன்றின் குறுக்கே, மூன்று மீட்டர் அகலத்துக்கு வண்டிப் பாலம் ஒன்று போட வேண்டியிருந்தது. மார்ச் மாதக் கடைசி. முப்பத்தொன்றாந் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கிய பணம் காலாவதியாகிவிடும் என்பதால், பங்குனி வெயிலில் எங்கு பார்த்தாலும் சர்க்கார் வேலைகள் தலைதெறிக்க நடக்கும் பருவம் அது. தளம் போட்ட அன்று காலையில் நான் ஸ்தலத்தில் இருந்தேன். கலவை இயந்திரத்தின் அருகே குடத்தோடு நின்ற சித்தாள் ஒருத்தி, கணக்கான தண்ணீரை ஊற்றிவிட்டு, மேலும் அரைக் குடத்தைச் சாய்ப்பதைப் பார்த்து, “ஏனம்மா, போதாதா?” என்று கேட்டேன். “தண்ணி பத்தலீங்க சார், கலவை ஓட மாட்டேங்குதுன்னு கொத்தனாரு சத்தம் போடறாருங்க” என்றாள். அவளை அதட்டி நிறுத்திவிட்டு, விதியை நிலைநாட்டிய திருப்தியோடு, மாதக் கடைசிக் கணக்குக்காக டிவிஷன் ஆபீசுக்குப் பஸ் ஏறிவிட்டேன். வாய்க்காலை அடைத்திருந்த காலமாகையால், கலவைக்குத் தாராளமாகக் கிடைத்த தண்ணீர், போட்ட தளத்தை நனைத்து வைப்பதற்கு மட்டும் கிடைக்கவில்லை என்பது பிற்பாடு தெரிந்த சங்கதி.

கலவையைக் கனசதுரமாக வார்த்து நொறுக்கிப் பார்க்கும் க்யூப் சோதனையின் முடிவு ஏழாம் நாள் வந்தது, பிரமாதமாக இருந்தது. பதினாலாம் நாள், தளத்தைத் தாங்கிய சென்ட்ரிங்கைப் பிரித்தபோது, தளத்தின் அடிப்புறத்தில் தேன்கூடு கட்டினாற்போல ஜல்லி தெரிந்தது. இரண்டு இடங்களில் கம்பியே வெளியே எட்டிப் பார்த்தது. சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டியது பொத்தென்று கேட்டது. க்யூப் இவ்வளவு நன்றாகத் தேறியிருக்க, தளம் மட்டும் எப்படி இந்த லட்சணத்தில் இருக்கக்கூடும் என்று நான் திகைத்து நிற்கையில், மேஸ்திரி கொஞ்சமும் ஒளிவு மறைவில்லாமல், “க்யூபுக்குன்னு தனியா ரெண்டு சட்டி கெட்டியாக் கலந்துட்டமுங்க சார். லேப்புக்குப் போறது நல்லா இருக்கோணுமுல்லீங்க?” என்றார். அவர் மோசடி செய்ததாக நினைக்கவேயில்லை; பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் பெண்ணுக்கு நல்ல சேலை உடுத்தி அனுப்புகிற மாதிரிதான் அதைச் செய்திருந்தார்.

தளத்தை இடித்துக் கான்ட்ராக்டர் தம் செலவில் மறுபடியும் போட்டார். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. நேரில் விசாரித்த செயற்பொறியாளர் என் எம்-புக்கைப் புரட்டிப் பார்த்தார். நீளம், அகலம், கனம் மூன்றும் மில்லிமீட்டர் சுத்தமாக இருந்தன. “அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ எங்கேப்பா இருந்தே?” என்று மட்டும் கேட்டார். என் எழுத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் தண்ணீருக்கென்று ஒரு கட்டம் கிடையாது. அன்று முதல், எம்-புக்கில் இடமில்லாத விஷயங்களுக்காகச் சொந்தச் செலவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டேன். தளம் போட்ட நேரம், வெயில், மணல் ஈரமா உலர்ந்ததா, இயந்திரத்தண்டை நின்றவர் யார், க்யூபை எந்தச் சட்டியிலிருந்து எடுத்தோம் முதலியவற்றை அதில் எழுதி வந்தேன். க்யூபுக்கு வேண்டிய கலவையைத் தளத்தின் நடுவில் கொட்டியதிலிருந்து நானே கரண்டியால் அள்ளுவது என்ற வழக்கத்தையும் அன்றிலிருந்துதான் வைத்துக்கொண்டேன். சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இந்த நோட்டுத்தான். பிற்காலத்தில் தணிக்கைக்காரர்கள் ஆட்சேபம் எழுப்பிய இரண்டு சந்தர்ப்பங்களில், விதிப் புத்தகங்களைக் காட்டிலும் அந்த நோட்டுத்தான் என்னைக் காப்பாற்றியது.

இன்னொரு யோசனையும் உண்டு. புதிய இடத்துக்கு மாற்றலாகிப் போனால் முதலில் சந்திக்க வேண்டியவர் அதிகாரியல்லர், வாய்க்காலைக் கவனித்துக்கொள்ளும் லஸ்கர். எந்த மதகு எந்த வருஷத்து வெள்ளத்தில் ஆட்டங்கண்டது, எந்தக் கரையில் நண்டு வளை அதிகம், தண்ணீர் எந்தப் புளியமரத்தின் எந்தக் கிளையைத் தொட்டது என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இருக்காது. அவர் நாவில் இருக்கும். இதில் நமக்குக் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. ஆர்தர் காட்டனே, ஆழங்காண முடியாத ஆற்று மணலின் மேல் அடித்தளம் நிற்குமா என்ற சந்தேகத்துக்குக் கல்லணையைப் பார்த்துத்தான் விடை கண்டுகொண்டார். அதன் பிறகுதான் 1836-ல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. கல்லணையைக் கட்டியவர்கள் எழுதிவைத்துப் போன கணக்கு ஒன்றுமில்லை. கட்டிய பொருள்தான் பேசியது, அதைக் கேட்கத் தெரிந்த காது காட்டனுக்கு இருந்தது. முல்லைப் பெரியாற்றில் பென்னிகுக் 1895-ல் முடித்த அணையிலும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரைதான். செங்கல்லைப் பொடி செய்து சுண்ணாம்போடு சேர்த்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும் என்பது நம் கொத்தர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த வித்தை.

இடையில் சுமார் இரண்டு வருஷம் பூண்டி நீரியல் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கும் பாக்கியம் கிடைத்தது. சத்தியமூர்த்தி முயற்சியால் சென்னைக்குக் குடிநீருக்கென்று அமைந்து 1944-ல் முடிந்த நீர்த்தேக்கத்தின் அருகில் உள்ள அந்த இடத்தில், அணைகளையும் கலிங்குகளையும் சிறு மாதிரிகளாகக் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். நாற்பத்தொன்பதில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரியைக் கட்டினால், ஃப்ரூட் விதிப்படி வேகம் ஏழில் ஒரு பங்காகும். ஆற்றில் ஏழு நிமிஷத்தில் நடப்பது மாதிரியில் ஒரே நிமிஷத்தில் நடந்துவிடும். ஆனால் மணலை மட்டும் அப்படிச் சுருக்க முடியாது. நாற்பத்தொன்பதில் ஒரு பங்காகப் பொடித்த மணல் மணலாயிராது. களிமண்ணைப் போல ஒட்டிக்கொள்ள ஆரம்பித்துவிடும். சாஸ்திரம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைச் சாஸ்திரமே சொல்லிக் கொடுத்த அந்த இரண்டு வருஷங்களே என் உத்தியோக வாழ்க்கையில் மிகவும் நிம்மதியானவை. கல்லூரிக்கும் சர்க்காருக்கும் நடுவில் இப்படிப்பட்ட ஆராய்ச்சி நிலையங்கள் இருப்பதே பல இளைஞர்களுக்குத் தெரிவதில்லை. அங்கே மாற்றல் கிடைத்தால், தண்டனை என்று எண்ணித் தப்பிக்கப் பார்க்காமல், மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

1987-ல் சர்க்காரை விட்டு வெளியே வந்தேன். காரணம் பெரிய லட்சியம் ஒன்றுமில்லை. இரண்டு பெண்களின் கல்யாணமும் ஒரு பையனின் படிப்பும். இவ்விடத்தில் லௌகிகமான ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ராஜிநாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. எங்கள் காலத்து விதிப்படி, ராஜிநாமாக் கடிதம் கொடுத்தால் அதுவரை செய்த சேவை பென்ஷனுக்குக் கணக்கில் வராமல் அழிந்துபோகும். வேண்டிய வருஷங்கள் பூர்த்தியான பின் விருப்ப ஓய்வு பெற்றால் பென்ஷன் நிற்கும். பத்தொன்பதாம் வருஷமே எனக்கு ஒரு கம்பெனி அழைப்பு வந்தது. கோபத்தில் கடிதம் எழுதி ஜேபியில் வைத்திருந்தேன். ஆபீஸ் சூப்பிரெண்டெண்ட், நான் மிகவும் அலட்சியமாக நினைத்திருந்த மனிதர், என்னைத் தனியே அழைத்து, “சார், இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க” என்றார். இன்றைக்கு மாதம் பிறந்தால் வருகிற பென்ஷன் அவர் போட்ட பிச்சை.

கம்பெனியில் முதல் வருஷம் நான் பட்ட அவஸ்தை கொஞ்சமல்ல. எதற்கெடுத்தாலும் ‘எங்கள் இலாகாவில் இப்படி’ என்று ஆரம்பிப்பேன். எனக்கு ‘ஆடிட்’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வீடு மாறுகிறவர்கள் பழைய வீட்டின் பெருமையை முதல் வருஷம் வாய் திறந்தே பேசக் கூடாது என்பதை அந்தப் பட்டப்பெயரிலிருந்து கற்றுக்கொண்டேன். அங்கே ஒவ்வொரு பகலும் ஒவ்வோர் இரவும் பணமாக ஓடிக்கொண்டிருந்தது: சாரத்துக்கு வாடகை, கிரேனுக்கு வாடகை, பாங்கிக்கு வட்டி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவரான மானேஜர் ஒரு தளம் போடுவதை ஒரு நாள் தள்ளிப்போட்டால் எவ்வளவு நஷ்டம் என்பதைக் காகிதம் இல்லாமலே சொல்லுவார். இதைப் பேராசை என்று முதலில் நினைத்தேன். கணக்கைப் பொறுமையாகக் கற்றுக்கொண்ட பிறகுதான், இருபத்தொரு வருஷமாக நான் ஒப்புதலுக்காகக் கோப்புகளை மேஜைமேல் தூங்கவிட்ட ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் வட்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது உறைத்தது. சர்க்கார் இன்ஜினீயர் எவரும் ஆறு மாதமாவது ஒரு கான்ட்ராக்டரின் கணக்குப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். இதைச் சொன்னால் பழைய சகாக்கள் இப்போதும் முகஞ்சுளிக்கிறார்கள்.

கலவை லாரியில் சுழன்றுகொண்டே வருகிற காலம் வந்தது. நூற்றிருபது மில்லிமீட்டர் ஸ்லம்ப் கேட்டிருந்தோம். கூம்பு வடிவப் பாத்திரத்தில் கலவையை நிரப்பி, பாத்திரத்தை மேலே தூக்கினால், கலவை எவ்வளவு உட்காருகிறது என்று பார்க்கும் சோதனை அது. ஒரு லாரிக் கலவை இருநூறு உட்கார்ந்தது. டிரைவரைக் கேட்டேன். “டிராஃபிக்ல மாட்டிக்கிட்டோம் சார், இறுகிப்போச்சு. அதான் ரெண்டு குடம் ஊத்தினேன்” என்றார், அந்தப் பழைய மேஸ்திரியின் அதே நிஷ்கபடமான முகத்தோடு. ஆறு கனமீட்டர் கலவை. திருப்பி அனுப்ப எனக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்று டெலிபோனில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கையில், பின்னால் இன்னும் இரண்டு லாரிகள் வந்து நின்று, அவற்றிலுள்ளதும் இறுக ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அந்த ஆறு கனமீட்டர் பின்புறத்துப் பள்ளத்தை மூடத்தான் உபயோகப்பட்டது. அதன் பிறகு, எந்தத் தளம் போடுவதற்கு முந்தின நாளும், லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கு, அந்தச் செலவு யார் தலையில் என்பதை ஒரு காகிதத்தில் எழுதி மூன்று பேரிடம் கையெழுத்து வாங்காமல் நான் தூங்கப் போனதில்லை. ‘முடியாது’ என்பதைத் தொழிலில் சொல்ல வேண்டியதுதான். ஆனால் லாரி வந்து நின்ற பிறகு சொல்லுகிற ‘முடியாது’க்கு விலை அதிகம்.

இவ்வளவும் ஆன பிறகும், தண்ணீர் ஊற்றுகிறவர்கள் மேல்தான் என் குற்றச்சாட்டு இருந்தது. அது மாறியது ஒரு விடியற்காலையில். உத்திரமும் தூணும் கூடுகிற இடம் ஒன்றில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். இருபத்தைந்து மில்லிமீட்டர் கம்பிகள் இரண்டு அடுக்காக நெருங்கிக் கிடந்தன. இருபது மில்லிமீட்டர் ஜல்லி தயங்கித் தயங்கி உள்ளே இறங்கியது. கலவையை அதிர்த்து அடக்கும் நாற்பது மில்லிமீட்டர் வைப்ரேட்டர் ஊசி நுழையவே இல்லை. கொத்தனார் தண்ணீர் கேட்டார். மறுக்க வாயெடுத்தவன், அன்றைக்கு ஏனோ குனிந்து என் விரல்களைக் கம்பிகளுக்கு நடுவே விட்டுப் பார்த்தேன். விரல் நுழைந்தது, கை நுழையவில்லை. தண்ணீர் ஊற்றாமல் அந்தக் கலவையை அந்த இடத்தில் இறக்க எந்த மனிதனாலும் முடியாது. அப்படியானால் அந்தக் குடத்துத் தண்ணீரைக் கேட்டது கொத்தனாரல்லர்; அந்த வரைபடம்.

அதைவிட வெட்கமான விஷயம் அன்று இரவு பிரமாணப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. கம்பிகளுக்கு நடுவே, கம்பியின் விட்டத்துக்கோ, ஜல்லியின் அளவுக்கு ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாகவோ, எது அதிகமோ அது இடைவெளியாக இருக்க வேண்டும் என்ற விதியை நான் மூன்று வருஷம் வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன். அதை அடுத்தே, ஊசி வைப்ரேட்டர் உபயோகித்தால் கம்பிகளைக் கூட்டங் கூட்டமாக நெருக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஊசி இறங்க இடம் விட வேண்டும் என்று பிரமாணம் சொல்லுகிறது. அந்த அடுத்த வாக்கியத்தை நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. பரீட்சையில் அது வராது. அந்த வரைபடத்தைப் போட்ட இளைஞர் என்னிடம் படித்தவரல்லர். ஆனால் என்னைப் போன்ற ஒருவரிடம் படித்தவர். அவரை அடுத்த வாரம் விடியற்காலையில் சைட்டுக்கு வரவழைத்து, அதே இடத்தில் கையை விடச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனவர், இரண்டு நாளில் கம்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்து விட்டத்தைக் கூட்டி, நடுவே ஊசிக்கு வழிவிட்டு வரைபடத்தைத் திருத்தி அனுப்பினார். தண்ணீருக்குப் பதிலாகக் கலவையை இளக்கும் ரசாயனத்தை, சிமென்ட் எடையில் ஒரு சதவிகிதம் போலச் சேர்க்கவும் ஏற்பாடு செய்தோம். அப்புறம் அந்த வேலையில் எவரும் என்னிடம் தண்ணீர் கேட்கவில்லை. வாய்க்கால் பாலத்தில் அரைக் குடம் சாய்த்த அந்தச் சித்தாளை நான் அதட்டியது நினைவுக்கு வந்தது. கொத்தனார் ஏன் சத்தம் போடுகிறார் என்று ஒரு வார்த்தை மேலே ஏறிப்போய்க் கேட்டிருந்தால் அந்தத் தளம் பிழைத்திருக்கும்.

2000-த்துக்குப் பிறகு, எண்பதுகளின் நடுவிலிருந்து தமிழ்நாடெங்கும் முளைத்த சுயநிதி இன்ஜினீயரிங் கல்லூரிகளில் ஒன்றில் பாடம் சொல்ல வந்து சேர்ந்தேன். ஏப்ரம்ஸ் வளைகோட்டை இம்முறை கரும்பலகையில் வரையவில்லை. ஒவ்வொரு மாணவர் கூட்டமும் மூன்று வகையாகக் கலக்க வேண்டியிருந்தது: கணக்குப்படி ஒன்று, அரை வாளி அதிகமாக ஒன்று, ஒரு வாளி அதிகமாக ஒன்று. இருபத்தெட்டாம் நாள் அவர்களே இயந்திரத்தில் வைத்து நொறுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது க்யூப் சப்தமில்லாமல் பொடியாவதைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் வருகிற மாறுதலை எந்தச் சொற்பொழிவும் வரவழைத்ததில்லை. அதற்கு முன்னால், அவர்கள் வரைந்த உத்திரத்துக்கு அவர்களே கம்பி கட்டி, அவர்களே கலவையை உள்ளே தள்ள வேண்டும் என்றும் வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அநேகமாக எல்லாக் கூட்டத்திலும் எவனாவது ஒருவன், “சார், கொஞ்சம் தண்ணி விட்டுக்கலாமா?” என்று கேட்பான். அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது என்று சொல்லி வகுப்பைக் கலைத்துவிடுவேன். தரையெல்லாம் மணலாகிறது என்று நிர்வாகத்துக்குக் குறை, வாஸ்தவம்தான்.

ஆகவே, எந்த வீட்டில் சேரலாம் என்று கேட்கிறவர்களுக்கு என்னால் நேரான பதில் சொல்ல முடிவதில்லை. எதில் சேர்ந்தாலும், பத்து வருஷத்துக்குள் மற்ற இரண்டிலும் கொஞ்ச காலமாவது இருந்து பாருங்கள், முடியாவிட்டால் அங்கே இருக்கிற ஒருவரையாவது சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். சிலர் திருப்தியில்லாமல் போகிறார்கள்.

இன்ஜினீயர் அல்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடுமாகையால் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டுக்கு மாடித் தளம் போடுகிற நாளில், வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வதிலும் உறவினரை வரவேற்பதிலும் காலையைப் போக்கிவிடாமல், கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். ஒரு பங்கு சிமென்டுக்கு ஒன்றரைப் பங்கு மணலும் மூன்று பங்கு ஜல்லியும் சேர்க்கிற கலவையானால், ஐம்பது கிலோ மூட்டை ஒன்றுக்கு முப்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆகாது. மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். பதினைந்து லிட்டர் வாளி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்கு இரண்டு வாளி. மூன்றாவது வாளியைத் தூக்குகிறவரை அதட்டாமல், எதற்கு என்று கேளுங்கள். அவர் சொல்லுகிற பதிலை உங்கள் இன்ஜினீயரிடம் போய்ச் சொல்லுங்கள்.